கடிதத்துக்குக் கட்டிய நூல்

நான் டைப் அடித்துக் கொடுக்கும் கடிதத்தைக் கிளார்க் ஐயா உடனே படிக்கமாட்டார். எழுந்து ஜன்னலோரம் போவார். தாளை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். ரப்பர் போட்டு அழித்த இடத்தில் தாள் மெலிந்து போயிருக்கும். மெலிந்த இடத்தில் வெயில் மஞ்சளாகத் தெரியும். அப்படி ஓர் இடம் கண்ணில் பட்டால் அவர் சத்தம் போடமாட்டார். வாயில் ஒதுக்கியிருக்கும் கிராம்பை ஒரு கடி கடிப்பார். 'டக்' என்று கேட்கும். மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நான், அவர் தாளைத் திருப்பித் தருவதற்கு முன்பே புதுத் தாளை ஏற்றிவிடுவேன்.

பிள்ளைகளே, உங்களில் யாரும் பிறக்காத காலம் அது. எழுபதுகளின் கடைசி. முள்ளிப்பட்டில் நம் வீட்டில் உங்கள் தாத்தா தறியில் இருந்தார். அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன். ஆரணியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, நைனாவுக்கு நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கும் பட்டு முதலாளியின் கடையிலேயே டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பம்பாய், கல்கத்தா ஜவுளிக்கடைகளுக்கு அங்கிருந்து சேலை போகும். சேலையோடு இங்கிலீஷில் கடிதமும் போகும். சேர்ந்த அன்று முதலாளி சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. "தீபாவளி வரிக்கும் பாப்பன். சரியா வந்தா இரு. இல்லன்னா தறி இருக்கவே இருக்குது, போய் உக்காந்துக்கோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டுத் தறிக்குப் பாவு கொடுப்பவரும் அவர்தான். நான் அங்கே கெட்ட பெயர் எடுத்தால் அது என்னோடு போகுமா, நைனாவின் தறிவரை வருமா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாததுதான் என் பயத்தின் வேர்.

தறியில் தப்பு செய்தால் விரல் சொல்லிவிடும். இழை அறுந்தால் தடவும்போதே தட்டுப்படும். இங்கிலீஷில் தப்பு செய்தால் எது சொல்லும்? தாள் வழவழவென்றுதான் இருக்கும். எழுத்தெல்லாம் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். எந்தச் சொல்லுக்குள் தப்பு உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமலேயே நான் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தேன். பயத்தில் என் கால்கள் தாமாகவே ஒன்று மாற்றி ஒன்று மிதிக்கும். சின்ன வயதிலிருந்து தறியில் உட்கார்ந்த பழக்கம். ஒருநாள் கிளார்க் ஐயா மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாடா, மெஷினுக்கு மிதிகட்டை வச்சிகினியா?" என்றார். மூட்டை தைக்கிறவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கால்தான் நிற்கவில்லை.

கிளார்க் ஐயா வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனி ஒன்றில் எழுத்து வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் கடிதம் எல்லாம், தங்கள் மேலான கடிதம் கைக்கு வந்தது, பணிவோடு தெரிவிக்க வேண்டிக்கொள்கிறோம் என்கிற தோரணையில்தான் தொடங்கும். டுடே என்ற சொல்லை அவர் ஒரே சொல்லாக எழுதவிடமாட்டார். நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்க வேண்டும். டுமாரோவுக்கும் கோடு. சேலைக்கான சொல்லில் கடைசியில் இரண்டு 'ஈ' வர வேண்டும். கலர் என்ற சொல்லில் 'யூ' விட்டுப் போனால் அன்றைக்குக் கிராம்பு இரண்டு முறை கடிபடும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வருவேன். ஒரே ஆள், ஒரே முறை என்று இருந்திருந்தால் எப்படியாவது தேறியிருப்பேன்.

ஆவணியில் முதலாளி வீட்டு மாப்பிள்ளை மெட்ராஸிலிருந்து வந்து உள் அறையில் உட்கார்ந்தார். பி.காம். படித்தவர். கடையில் எல்லாரும் அவரை மாப்பிள்ளை என்றே சொன்னோம். இனிமேல் எந்தக் கடிதமானாலும் கிளார்க் ஐயா பார்த்த பிறகு மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுத்தான் போக வேண்டும் என்று ஏற்பாடு. முதல் கடிதத்திலேயே அவர் பேனாவை எடுத்து எல்லாக் கோடுகளையும் அடித்து நீக்கிவிட்டார். "எந்தக் காலத்துல இருக்கீங்க பெரியவரே? இப்பல்லாம் யாரு டுடேக்கு நடுவுல கோடு போடறா? சேலைக்கு எதுக்கு ரெண்டு ஈ? ஒரு ஐ போட்டா முடிஞ்சிது." கலரில் இருந்த 'யூ'வும் போயிற்று. "அமெரிக்காவுல அத எடுத்துட்டு எவ்ளோ நாளாச்சி."

கிளார்க் ஐயா குரலை உயர்த்தவில்லை. "அமெரிக்காக்காரன் ஊட்டுப் பொம்பளைங்க நம்ப சேலை கட்டறாங்களா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

"கட்ட வச்சிடறேன், பாத்துகினே இருங்க."

வெளியே இருந்து கேட்டவர்களுக்கு அது வேடிக்கை. இரண்டு பேருக்கும் நடுவில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்படி இல்லை. கோடு போட்டு அடித்தால் உள் அறையிலிருந்து திரும்பி வரும். போடாமல் அடித்தால் ஜன்னலோரத்தைத் தாண்டாது. ஊர்ப் பெயரில்கூட நிம்மதி இல்லை. கடை போர்டிலும் கடிதத் தலைப்பிலும் ஆரணிக்கு ஒரு 'ஏ'. மாப்பிள்ளை புதிதாகச் செய்துவந்த ரப்பர் ஸ்டாம்பில் இரண்டு 'ஏ'. ஒரே தாளில் தலையில் ஓர் ஊர், காலில் ஓர் ஊர். எது சரி என்று பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தது. ஊரே இன்னும் முடிவு செய்யாத ஒன்றுக்கு நான் மட்டும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். "வேலைக்குப் போற புள்ளையா இது, தூக்குமேடைக்குப் போறாப்பல போவுது" என்று அம்மா சொல்வார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் நெசவில் ஒரு வழக்கம் உண்டு. நெய்யும்போது பழுது விழுந்து, அதைப் பிரித்துச் சரிசெய்ய முடியாமல் போனால், நெய்கிறவர் அந்த இடத்துக்கு நேராகச் சேலையின் ஓரத்தில் வேறு நிற நூல் ஒன்றை முடிந்துவிடுவார். இங்கே குறை இருக்கிறது, எனக்குத் தெரியும், மறைக்கவில்லை என்று அர்த்தம். முதலாளி சேலையைப் பிரித்ததும் முதலில் அந்த நூலைத்தான் பார்ப்பார். கட்டியவனுக்குக் கொஞ்சம் திட்டு, கொஞ்சம் கூலிப் பிடித்தம். கட்டாமல் மறைத்தவனுக்கு அடுத்த பாவு கிடைப்பது சந்தேகம். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம் என்பதால் எனக்கு அது யோசனையாகக்கூடத் தோன்றவில்லை. எனக்குச் சந்தேகமான சொல் எந்த வரியில் வந்ததோ, அந்த வரிக்கு நேராகத் தாளின் ஓரத்தில் குண்டூசியால் குத்தி, ஒரு மஞ்சள் பட்டு இழையை நுழைத்து முடிச்சுப் போட்டேன்.

முதல்முறை அதைப் பார்த்த கிளார்க் ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இன்னாடா இது? கடுதாசிக்கு மஞ்சக்கயிறு கட்டிகினு வந்திருக்க? யாருக்கும் யாருக்கும் கல்யாணம்?"

"சந்தேகமான இடங்கய்யா. நீங்க பாத்துச் சொன்னீங்கன்னா மாத்தி அடிச்சிடறன்."

அவர் என்னையும் நூலையும் மாறி மாறிப் பார்த்தார். கிராம்பு கடிபடவில்லை. பிறகு அதுவே வழக்கமாயிற்று. நூல் இருக்கும் இடத்தை மட்டும் பார்ப்பார், ஒரு முடிவு சொல்வார், இழையை உருவி இங்க் பேட் மூடியின் மேல் வைப்பார். மாப்பிள்ளையும் உள் அறையில் அதற்கு மேல் பேனாவால் அதிகம் திருத்தவில்லை. சில வாரம் எனக்கு மூச்சு வந்தது.

தீபாவளிக்கு முன்னால் பம்பாய்க்கு ஒரு பெரிய கட்டு போனது. வாங்குகிறவர் அங்கே பெரிய கடை வைத்திருக்கும் ஒரு சேட்டு. என்னென்ன சேலை வருகிறது என்று வரிவரியாகச் சொல்லும் கடிதம் ஒன்று தயாராக வேண்டும். அரக்கு, வெங்காயச் சருகு, மயில்கழுத்து என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வரி. வரிக்கு வரி கலர் வரும், சேலை வரும். அன்று காலைதான் அந்த இரண்டு சொல்லுக்கும் முதலாளி எதிரிலேயே சண்டை நடந்திருந்தது. மாப்பிள்ளை, "இவரு எழுதற இங்கிலீஷ இன்னிக்கு யாரும் எழுதறதில்ல மாமா, சிரிக்கறாங்க" என்று சொல்லிவிட்டார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் கிளார்க் ஐயாவின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

முதல் மூன்று வரிக்கு மட்டும் நூல் கட்டிக் கொண்டுபோனேன்; அங்கே சொல்லும் முடிவே மற்ற வரிக்கும் போதும். கிளார்க் ஐயா தாளை வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. என் பக்கமே தள்ளினார். "அவரையே கேளு. புதுசா படிச்சவரு அவர்தான்." உள்ளே கொண்டுபோனேன். மாப்பிள்ளை வெளியூருக்கு டிரங்க் கால் லைன் கிடைக்காத எரிச்சலில் இருந்தார். "ஜல்தி குடுடா, கட்டு கிளம்பிகினு இருக்குது" என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். தாளைத் திரும்பக் கொண்டுவந்து கிளார்க் ஐயாவிடம் வைத்தேன். உறையில் போட்டு ஒட்டுவது அவர் வேலை. நூலை அவர் உருவிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த தாளை மெஷினில் ஏற்றினேன்.

மறுநாள் காலை இங்க் பேட் மூடியைப் பார்த்தேன். மஞ்சள் இழை ஒன்றுகூட இல்லை. துடைத்த மாதிரி இருந்தது.

நூல் கடிதத்தோடு பம்பாய்க்குப் போய்விட்டது. கேட்கலாம் என்று கிளார்க் ஐயாவின் மேசைவரை போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் நான் தப்பு தப்பாக அடித்தேன். சேட்டு சிரித்திருப்பாரா, கோபப்பட்டிருப்பாரா, இது எந்த ஊர் கிறுக்கு என்று கிழித்துப் போட்டிருப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து பார்த்தேன். நடந்ததை மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

சேட்டும் துணிக்காரர்தானே. நூலைப் பார்த்ததும் துணிக்காரர் படிக்கிற மாதிரியே படித்துவிட்டார். பதில் வந்தது. அதை மாப்பிள்ளை முதலாளிக்குத் தமிழில் படித்துக் காட்டினார். அரக்கு, வெங்காயச் சருகு, மயில்கழுத்து மூன்றிலும் பழுது இருப்பதாகத் தாங்களே நூல் கட்டி நேர்மையாகத் தெரிவித்ததற்கு நன்றி, அந்தச் சேலைகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம், பழுதுச் சேலைக்கு உண்டான விலைக்குக் கொடுத்தால் வைத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறோம். கூடவே என் மூன்று மஞ்சள் இழைகளும் ஒரு துண்டுத் தாளில் சுற்றி வந்திருந்தன.

மயில்கழுத்துச் சேலைகள் நைனா நெய்தவை.

அதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். பழுதில்லாமல் நெய்கிறவர் என்று முள்ளிப்பட்டில் பெயர் எடுத்தவர் அவர். அவர் சேலைக்கு அவர் மகனே பழுது நூல் கட்டி, கடல் இருக்கும் ஊர்வரைக்கும் அனுப்பிவிட்டான். முதலாளி கணக்குப்படி, பழுதென்று திரும்பினால் நெய்தவர் கூலியில்தான் கை வைப்பார்கள். அவர் பெயருக்கு நேராக ஒரு கறை விழும். கால் மறுபடி மிதிக்க ஆரம்பித்திருந்தது.

"யாருடா கடுதாசிக்கு நூல் கட்டினது?" முதலாளி கத்தவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

மாப்பிள்ளை என் பக்கம் கை காட்டினார். "வேற யாரு? இவன்தான். தறியில உக்காரவேண்டியவன மெஷின்ல உக்கார வச்சா இப்படித்தான் ஆவும். கணக்கு முடிச்சி அனுப்பிடுங்க மாமா."

அப்போது கிளார்க் ஐயா எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"சேலையில பழுது இல்லீங்க. நான் பிரிச்சிப் பாத்துத்தான் கட்டுல வச்சன். நூல் சேலைக்குக் கட்டினது இல்ல, கடுதாசிக்குக் கட்டினது. கட்டினது பையன். அவுக்காம உட்டது நானு."

"அவுக்கறதுக்கு இன்னா?" என்றார் முதலாளி.

"எந்த எழுத்த உடறது, எத வைக்கறதுன்னு தெரியலீங்க" என்றார் கிளார்க் ஐயா.

முதலாளி அந்த மூன்று இழைகளையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து விரலால் நீவிப் பார்த்தார். அவரும் தறியிலிருந்து எழுந்து வந்தவர்தான். பிறகு சொன்னார். "சேட்டு கேக்கறது நியாயம். நூல் கட்டினா கட்டினதுதான். நானா இருந்தாலும் அதான் கேப்பன். வெலைய குறைச்சி எழுதிடுங்க மாப்ள. நெய்ஞ்சவன் கூலியில கை வைக்கக்கூடாது." என்னைப் பார்த்து, "நீ போய் உன் வேலையப் பாரு. இனிமே நூல தறியோட வச்சிக்கோ" என்றார். கிளார்க் ஐயாவைப் பார்க்காமலே கடைசியாகச் சொன்னார். "கிளார்க்கு, நீங்க நாளையிலருந்து முன்னாடி பார்சலப் பாத்துக்குங்க. கடுதாசி எல்லாம் மாப்ள பாத்துக்கட்டும்."

எனக்கு வேலை நிலைத்தது. நைனாவின் பெயரும் நிலைத்தது. விஷயம் அவர் காதுக்குப் போனபோது, "கடுதாசிக்கெல்லாமாடா நூல் கட்டுவாங்க? என் சேலையா கெடச்சிது ஒனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் பயந்த எதுவும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வேறொருவர் மேல் போய் விழுந்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கிளார்க் ஐயா என் பக்கத்தில் வந்து நின்றார். வீம்புக்குத்தான் நூலை உருவாமல் விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரே பேசினார். "வீம்பு இல்லடா. பயம். மாப்ள வந்ததுலருந்து சரியா தூக்கமே இல்ல. நான் படிச்சப்ப கோடு இருந்துச்சி, போட்டன். யாரு எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்கன்னு எனக்கு யாரும் சொல்லலியே." இங்கிலீஷ் என்பது எங்கோ ஒரு கல்லில் வெட்டி வைத்திருக்கிறது, கிளார்க் ஐயா அதைப் பார்த்தவர் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அவரும் யாரோ சொன்னதை உதட்டுக்குள் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்தான்.

முன்பக்கத்தில் அவர் வேலை, தைத்த கட்டின் மேல் பிரஷ்ஷால் விலாசம் எழுதுவது. நான் மாப்பிள்ளையின் முறைப்படியே அடித்தேன். கோடில்லாத டுடே, ஒற்றை ஐ, 'யூ' இல்லாத கலர். எந்தத் தாளும் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் கிளார்க் ஐயா என் மேசைக்கு வந்தார். கையில் பிரஷ். நுனியிலிருந்து மை சொட்டாமல் இன்னொரு கையைக் கீழே ஏந்தியிருந்தார்.

"தம்பி" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "பூனாவுக்கு எழுத்து மாத்திட்டாங்களாமே. இப்ப எப்படிப் போடறாங்க? தப்பாப் போட்டா பார்சல் திரும்பிடும்." குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது. கண் உள் அறைக் கதவின் மேல் இருந்தது.

நான் எழுந்து நின்றேன்.

"உக்காரு, உக்காரு. மாப்ள பாத்தா இன்னா நெனப்பாரு."

எனக்கும் சரியாகத் தெரியாது. "ரெண்டையும் போட்டுடலாங்கய்யா. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. எது தெரியுதோ அத படிச்சிக்கட்டும்" என்றேன். அவர் யோசித்தார். "அப்படிப் போடலாமா?" என்று கேட்டார். போடலாமா என்று என்னைக் கேட்டார். போடலாங்கய்யா என்றேன். போய் எழுதினார். அந்தக் கட்டு போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தக் குரல் எனக்குள்ளேயே தங்கிவிட்டது. அவர் முன்னால் நான் பட்ட பயத்தையெல்லாம்விட, என் முன்னால் அவர் பட்ட பயம்தான் எனக்குத் தாங்கவில்லை.

இதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், போன வாரம் நம் பெரியவளிடம் போனை நீட்டி, "இத எப்படிம்மா போடறது?" என்று கேட்டேன். நண்பர் ஒருவருக்கு இங்கிலீஷில் நாலு வார்த்தை வாழ்த்து, அவ்வளவுதான். அவள் செய்யாறு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் தலையை நிமிர்த்தாமலே, "எப்படிப் போட்டாலும் புரியும்ப்பா" என்றாள். அவள் சொன்னது சரி. இப்போது பாதி எழுத்தை விழுங்கிவிட்டு எழுதுகிறார்கள், புரிகிறது, யாரையும் யாரும் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதில்லை. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவள் போன பிறகு அனுப்புகிற பொத்தானுக்கு மேல் என் விரல் வெகுநேரம் நின்றது. கடைசியில் அனுப்பவில்லை. போன் செய்து தமிழில் வாழ்த்திவிட்டேன்.

பெரியவளே, உன் ஆபீஸிலும் வயதான யாராவது இருப்பார். ஒருநாள் உன் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, இதை இப்போ எப்படி எழுதறாங்க என்று கேட்பார். அவருக்கு நீ எழுத்து சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பாரும்மா. அவர் அந்த மேசைவரை நடந்து வந்தது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.